இனி என்னா வேல, ஒக்காருங்க

அறுபது வயதைத் தாண்டிய பொம்பளையை எங்கள் தோட்டப் பக்கம் யாரும் நிற்க விடுவதில்லை. (ஹட்டன் பஸ்ஸில் மட்டும் தாராளமாக நிற்க விடுவார்கள், அது வேறு கதை.) லயத்து வாசலில், கோயிலில், கல்யாண வீட்டில் கொஞ்சம் எழுந்தால் போதும், நாலு பக்கமிருந்தும் குரல் வரும்: "இனி என்னா வேல, ஒக்காருங்க."

என் அம்மாவும் உட்கார்ந்தார். டிக்கோயாப் பக்கத்து மலைகளில் நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர். விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், இடுப்பில் படங்கைச் சுற்றி, தலையில் கயிறு மாட்டிக் கூடையைச் சுமந்து, மழையிலும் அட்டைக்கடியிலும் நாள் முழுக்கச் சரிவில் நின்றவர். செக்ரோலில் பேர் வெட்டியதும் சேமலாப நிதிக் காசை எடுத்தார், தங்கச்சியின் கல்யாணத்தை முடித்தார், காம்பரா வாசலில் முக்காலியைப் போட்டார். ஏழெட்டு வருடம்தான் ஆகிறது. இன்றைக்குக் கக்கூசில் குந்தினால் எழும்பச் சுவர் வேண்டும், சில நாளைக்கு ஆளே வேண்டும். பஸ் ரோட்டுக்கு ஏறும் படிகளில் பாதியில் நின்று, மலையைப் பார்க்கிற பாவனையில் மூச்சு வாங்குகிறார்.

யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்: "வயசு போனா அப்பிடித்தான்." கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. வயது ஒரு பங்கைத்தான் எடுக்கிறது. மிச்சத்தை எடுப்பது நாங்கள், அதுவும் பாசத்தோடு.

முப்பது வயதுக்குப் பிறகு மனித உடம்பில் பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. அறுபதுக்கு மேல் வேகம் இன்னும் கூடும். தசையின் அளவு குறைவதைவிட அதன் வலு குறைவது வேகமாக நடக்கும். இதற்கு சார்கோபீனியா என்று 1989ல் பெயர் வைத்தவர் இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர். 2016ல் அந்த நாட்டு நோய்ப் பட்டியலில் இதற்குத் தனிக் குறியீடும் கொடுத்துவிட்டார்கள். எங்கள் கிளினிக் கொப்பியில் பிரஷருக்கு இடம் இருக்கிறது, சீனிக்கு இடம் இருக்கிறது, நிறைக்கு இடம் இருக்கிறது. நிறை குறையாவிட்டால் ஆள் சுகம் என்று அர்த்தம். தசை போன இடத்தில் கொழுப்பு வந்து குடியேறினால் தராசுக்கு எப்படித் தெரியும்?

தராசைப் பற்றி இந்த மலையில் பேசாமல் இருக்க முடியாது. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு எவ்வளவு, ஈரத்துக்கு எவ்வளவு என்று கழிவு பிடிப்பதில் அத்தனை நுணுக்கம். ஒரு கிலோ குறைந்தால் அரைப்பேரா முழுப்பேரா என்று வழக்கு நடக்கும். அந்தக் கொழுந்தைச் சுமந்த காலை மட்டும் ஒருவரும் அளந்து பார்த்ததில்லை. அளக்க இயந்திரம் ஒன்றும் தேவையில்லை. ஆசிய நாடுகளின் நிபுணர் குழு ஒன்று 2019ல் சொன்ன அளவுகள் மிகச் சாதாரணமானவை. கெண்டைக்கால் சுற்றளவு பெண்ணுக்கு 33 சென்டிமீட்டருக்கும் ஆணுக்கு 34 சென்டிமீட்டருக்கும் குறைந்தால் கவனிக்க வேண்டும். கையை மார்பில் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து ஐந்து தரம் எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ பிடித்தால், தசை போகத் தொடங்கிவிட்டதோ என்று சந்தேகப்பட வேண்டும். ஒரு தையல் நாடா, ஒரு கதிரை, ஒரு கைக்கடிகாரம். எந்தத் தோட்டத்து டிஸ்பென்சரியில் இவை இல்லை?

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போன இடங்களில் கிடைத்தது பெனடோல், சத்துக் குளிசை, பூசுவதற்குத் தைலம். கூடவே ஒரு புத்திமதி: "பாரம் தூக்காதீங்க, நல்லா ரெஸ்ட் எடுங்க." அம்மாவுக்கு அது கோர்ட்டுத் தீர்ப்பு. அன்றிலிருந்து தண்ணீர் வாளியைக்கூடத் தொடுவதில்லை.

ரெஸ்ட் என்ன செய்யும் என்று 2007ல் அமெரிக்காவில் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சராசரி 67 வயது, நோய் நொடி இல்லாதவர்கள். பத்து நாள் கட்டிலில் படுக்க வைத்தார்கள், சாப்பாடும் கொடுத்தார்கள். பத்தாம் நாள் பார்த்தால் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை காணாமல் போயிருந்தது. எங்கள் லயத்தில் கிழவிக்குக் காய்ச்சல் வந்தால் பத்து நாளோடா விடுகிறார்கள்? மழைக்காலம் முடியும்வரை கம்பளியைப் போர்த்திப் படுக்க வைப்பதுதான் மரியாதை. எழுந்து நடந்தால் மருமகளுக்குக் கெட்ட பெயர். படுத்துக் கிடந்த கால் ஈரப் படியில் ஒருநாள் வழுக்கும், இடுப்பெலும்பு முறியும், திரும்பவும் கட்டில். அதற்குப் பிறகு சொல்ல ஒன்றுமில்லை, சாக்குப்போக்கு மட்டும் தயாராக இருக்கும். வயசு போனா அப்பிடித்தான்.

"நாப்பது வருசம் மலை ஏறுன காலுக்கு இன்னும் எக்சைஸா?" என்று அம்மாவே என்னைக் கேட்கிறார். கேள்வியில் நியாயம் இருப்பதுபோல்தான் தெரியும். ஆனால் தசை சேமலாப நிதி இல்லையே, நாற்பது வருடம் கட்டிவிட்டு அறுபதில் மொத்தமாக எடுத்துச் சாப்பிட. வேலை கொடுக்கிறவரைக்கும்தான் அது உடம்பில் இருக்கும். இதில் ஒரு கொடுமை, பேர் வெட்டிய பிறகும் வீட்டுக் கஷ்டத்துக்காகக் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகிற கிழவிகள் எங்கள் லயத்திலேயே இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து எல்லோரும் உச்சுக் கொட்டுகிறார்கள். அவர்கள் படியில் நிற்காமல் ஏறுகிறார்கள். முழங்கால் நோகிறது, முதுகு நோகிறது, அதை நான் மறைக்கவில்லை. அந்த வயதில் வயிற்றுக்காக மலைக்குப் போக வேண்டியிருப்பது அநியாயம். ஆனால் பிள்ளைகள் நல்லபடியாக வைத்திருக்கிற கிழவிக்குக் கால் போவதும், வைத்திருக்காத கிழவிக்குக் கால் இருப்பதும் என்ன கணக்கு?

இனிச் சாப்பாட்டுக்கு வருகிறேன். இதில்தான் வீட்டுக்குள்ளேயே சண்டை.

"வயசான வயித்துக்குக் கொஞ்சம் போதும்" என்று ஒரு சட்டம் இருக்கிறது. யார் போட்ட சட்டமோ தெரியாது. உண்மை இதற்குத் தலைகீழ். வயதான தசை புரதத்துக்கு மந்தமாகத்தான் எழும்பும். இளசுக்குப் போதுமான அளவு கிழட்டுத் தசைக்குப் போதாது. வழக்கமாகப் பெரியவர்களுக்கு உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்பார்கள். முதியவர்களுக்கு அது 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று 2013ல் ஒரு சர்வதேச நிபுணர் குழு சொன்னது. (சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.) என் அம்மா 45 கிலோ. அப்படியென்றால் நாளுக்கு 45 முதல் 54 கிராம். அதையும் ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுத்தால் நல்லது.

அம்மாவின் ஒரு நாளைப் பாருங்கள். விடிந்ததும் சாயத்தண்ணியும் பிஸ்கட்டும். பிறகு ரொட்டி, கட்டச்சம்பல். மத்தியானம் சோறு, கீரை, அகப்பையில் தண்ணீரோடு வரும் பருப்பு. அந்திக்குத் திரும்பவும் சாயத்தண்ணி. இரவுக்குத் திரும்பவும் ரொட்டி. தாராளமாகக் கணக்குப் போட்டாலும் 30 கிராமைத் தாண்டினால் பெரிய விஷயம். அதிலும் பாதி கோதுமைமாவில் வருவது, தசை கட்டத் தேவையான லைசின் அதில் குறைவு. வயிறு நிறைகிறது, ஏப்பம்கூட வருகிறது, அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வருவதில்லை.

முட்டை வாங்கினால் அது என் சின்ன மகளின் வாய்க்குப் போகிறது. "புள்ளைக்குக் குடு, எனக்கு என்னாத்துக்கு" என்று அம்மா தள்ளிவிடுவார். இந்த இடத்தில் மட்டும் என்னால் சத்தம் போட முடிவதில்லை. 2016ல் எடுத்த தேசிய ஆய்வில், தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 31.7 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அது 17.3 தான். ஒரே சட்டியிலிருந்து பேத்தியையும் வளர்க்க வேண்டும், அப்பாயியையும் நிமிர்த்தி வைக்க வேண்டும். 2024ல் நாள் சம்பளத்தை 1,350 ரூபாயாக்கினார்கள். சம்பளம் ஒரு படி ஏறுவதற்குள் கடைக்காரனுடைய விலைப்பட்டியல் மேல்கணக்குக்குப் போய்விடுகிறது.

அதனால்தான் காசு விரயமாவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அம்மாவைப் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் மோல்ட் மா டின்னும் பிஸ்கட் பெட்டியும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். டின்னில் கிழவர் ஓடுகிற மாதிரி படம். உள்ளே பெரும்பாலும் மாவும் சீனியும். அம்மாவுக்குச் சீனி வருத்தம் வேறு. அந்தக் காசுக்கு எங்கள் கடையிலேயே சோயா மீட் இருக்கிறது, காய்ந்தபடி நிறுத்தால் ஏறக்குறைய பாதி புரதம். நெத்தலிக் கருவாட்டிலும் அப்படித்தான், உப்பைக் கழுவிவிட்டால் சரி. பருப்பிலும் கௌபியிலும் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு. சம்பலோடு ஓர் அவித்த முட்டை சேர்ந்தால் 6 கிராம். ஆனால் நோயாளி வீட்டுக்கு நெத்தலிப் பையோடு யாராவது வருவார்களா? மானம் போய்விடாதா?

சாப்பாடு மட்டும் போதும் என்று நினைத்துவிடவும் கூடாது. 1990ல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதைத் தொட்டவர்களுக்கு எட்டு வாரம் காலால் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். தொடை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. 1994ல் அதே ஆய்வாளர்கள் நூறு பேரை வைத்துப் பார்த்தார்கள். பயிற்சி எடுத்தவர்களுக்கு வலு கூடியது. பயிற்சியே இல்லாமல் சத்துணவு மட்டும் குடித்தவர்களுக்குக் கால் எழும்பவே இல்லை. தொண்ணூறில் முடிகிறதாம், எங்களுக்கு அறுபத்தெட்டே அந்திமக் காலம்.

ஆகவே வீட்டில் ஓர் ஒழுங்கு கொண்டுவந்தேன். காலையிலும் மாலையிலும் கையூன்றாமல் கதிரையிலிருந்து எழுந்து உட்கார வேண்டும், களைக்கும்வரை. இரண்டு போத்தலில் தண்ணீர் நிரப்பிக் கையில் பிடித்தபடி வாசல் படியை ஏறி இறங்க வேண்டும். இலகுவாகிவிட்டால் போத்தல் பெரிதாகும். செலவு ஒரு சதம் இல்லை.

மூன்றாம் காம்பரா பெரியம்மா பார்த்துவிட்டார். அவ்வளவுதான், மேல் லயம் கீழ் லயம் எல்லாம் செய்தி. "மகன் கவுர்மெந்து உத்தியோகம் பாக்குறான், ஆத்தாள தண்ணி தூக்க வைக்கிறான்." தலைவர் கடையடியில் என்னை நிறுத்தி, "தம்பி, அம்மாவ வேல வாங்குறீங்களாமே?" என்று மெதுவாகக் கேட்டார். நான் தொடை, தசை என்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "இருந்தாலும் வயசான மனுசி" என்றார். இப்போது அம்மா கதவைச் சாத்திக்கொண்டுதான் எழுந்து உட்காருகிறார். படி ஏறுவது இருட்டிய பிறகு, அதுவும் வெறுங்கையோடு. யாராவது வந்தால் சட்டென்று முக்காலிக்குப் போய்விடுகிறார், களவு செய்தவர்போல.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், கக்கூசுக்கு ஆள் கூப்பிடுவது குறைந்திருக்கிறது. அதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். தைலம் வேலை செய்கிறது என்கிறார்.

தீபாவளிக்குத் தங்கச்சி கொழும்பிலிருந்து வருகிறாள். அம்மாவுக்கு என்ன வாங்கிவர என்று போனில் கேட்டாள். புறக்கோட்டையில் நல்ல நெத்தலி அரைக் கிலோ வாங்கிவா என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அது சரி அண்ணே, வீட்டுக்கு வாங்கியாறேன். நான் அம்மாவுக்கு என்னான்னு கேட்டேன். சாஞ்சு ஒக்கார்ர கதிர ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்" என்கிறாள்.