அலெக்சாண்டிரியாவைத் தனியாகச் சுற்றலாமா?

எகிப்துக்குப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் குரூப் டூரில்தான் போகிறார்கள். கெய்ரோவிலிருந்து சுமார் 220 கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து, அலெக்சாண்டிரியாவை ஒரே பகலில் முடித்துக்கொண்டு இரவே திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது வீண் செலவு. "இந்த வயசில் தனியாகவா?" என்று என் வீட்டிலும் கேட்டார்கள். இந்த வயசுக்குத்தான் அந்த ஊர் சரி என்பேன்.

கடலை ஒட்டி நீளமாகக் கிடக்கும் ஊர். கார்னிஷ் என்ற கடலோரச் சாலையை விடாமல் இருந்தால் வழி தவறாது. பழைய துறைமுக வளைவின் ஒரு முனையில் கைத்பே கோட்டை. உலக அதிசயமான கலங்கரை விளக்கம் இடிந்துபோன இடத்தில் 1477-ல் எழும்பியது. மறுபுறம் 2002-ல் திறந்த புதிய நூலகம். (நம் முசிறி மிளகும் ஒரு காலத்தில் செங்கடல், நைல் வழியாக இந்த ஊருக்குத்தான் வந்து சேர்ந்தது.) குரூப்பில் போனால் கோட்டையில் ஒரு போட்டோ, அவ்வளவுதான். தனியாகப் போனால், தூண்டில் போடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே ஒரு சாயங்காலம் உட்காரலாம்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே படித்துக்கொள்ள வேண்டும்: அவர்களுடைய எண்கள். அங்கே ஐந்து என்பது நம் பூஜ்யம் போல வட்டமாக இருக்கும். பூஜ்யமோ வெறும் புள்ளி. பணநோட்டில் ஒரு பக்கம் அரபு எண், மறுபக்கம் நமக்குத் தெரிந்த எண். அதை வைத்தே பழகிவிடலாம். விலைப்பலகை புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

மீதி பயம் சாலையைக் கடப்பது. அது நியாயமான பயம்தான். உள்ளூர்க்காரர் யாராவது கடக்கும்போது ஒட்டிக்கொண்டே போய்விட வேண்டும்.

டூர் கம்பெனிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், அலெக்சாண்டிரியாவில் மூன்று இரவு தங்க விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.