காது கேட்கிறது, மூளை கேட்க வேண்டாமா?

செம்பனை ஆலையில் இரவு ஷிப்ட். மண்டோர் இரண்டு தரம் கூப்பிட்டும் தொழிலாளி திரும்பவில்லை. உடனே, “காது செவிடா?” என்று ஏச்சு. செபராங் பிறை பக்கத்துத் தோழர்களுக்கு இது புதுசல்ல. ஆனால் குறை காதில்தானா?

தோழர்களே, சத்தத்தை வாங்குவது காது. அதை இன்னதென்று அறிவது மூளை. அந்த மூளையில் ராப்பகலாக மெல்லிய மின் அலைகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஜெர்மன் டாக்டர் ஹான்ஸ் பெர்கர் 1924-ல் மனிதத் தலையில் இதை முதன்முதலாகப் பதிவு செய்தார். கண்ணை மூடி ஓய்வாக இருக்கையில் விநாடிக்கு 8 முதல் 13 அலை. ஆழ்ந்த தூக்கத்தில் 4-க்கும் குறைவு. ஆனால் ஒவ்வொன்றும் பெரிசு.

சத்தத்துக்கு மூளை தரும் பதில் இந்த அலைகளைவிட மிகச் சிறியது. அலையடிக்கும் கடலில் கூழாங்கல் போட்ட மாதிரி, அது தனியே தெரியாது. ஆகவேதான் ஆஸ்பத்திரியில் கைக்குழந்தைக்குக் காது சோதிக்கும்போது ‘டிக் டிக்’ என்று ஆயிரக்கணக்கான தடவை ஒலி கொடுத்து, சராசரி எடுக்கிறார்கள். குழந்தை தூங்கினால் சோதனைக்கு நல்லதுதான். தாய்மார் பயப்பட வேண்டாம்.

அதோடு, அலை மாறினால் மேல்மூளை தரும் பதிலும் மாறுகிறது. விழித்திருப்பவனுக்கும் கண் சொக்கி நிற்பவனுக்கும் ஒரே சங்கு ஊதினாலும், மூளை ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. ஒரு நொடி கண் அசந்தால் போதும், பின்னால் வரும் லாரியின் ஹார்ன்கூடத் தவறிப்போகும்.

2019-ஆம் ஆண்டு சத்த விதிமுறைகள் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்று எல்லை வகுத்தன. நல்லதுதான். ஆனால் அந்த எல்லை சத்தத்தை அளக்கிறது, அசதியை அளக்கவில்லை. பகல் ஷிப்ட் முடித்தவனையே இரவுக்கும் நிறுத்திவிட்டு, “கவனமில்லை” என்று அவன்மேல் பழி போடுவது என்ன நியாயம்? அடுத்தடுத்து இரட்டை ஷிப்ட் கூடாது. சங்கோடு மின்னும் விளக்கும் வேண்டும். இரவு வேலை செய்தவர் பகலில் தூங்க, வீட்டுப் பக்கம் சத்தம் குறைய வேண்டும்.

நாமும் அசதி என்று சொல்லிக் காதை மறந்துவிடக் கூடாது. இரைச்சலால் கெட்ட காது திரும்பாது. காதடைப்பான் போடுங்கள், சோதனைக்குக் கூப்பிட்டால் தவறாமல் போங்கள்.