"இங்கே வா" என்னும் முதற்பாடம்

ஈப்போவிலும் அதைச் சுற்றியுள்ள பழைய ரப்பர்த் தோட்டங்களிலும் நம்மவர் நால்வர் கூடிப் பழங்கதை பேசினால், ஒரு பெருமை தவறாமல் வெளிப்படும். "அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை என்னமாய்த் தமிழ் பேசுவான்!" என்பதே அது. கேட்போரும் தலையசைத்து, இன்று நம் பாஷையை மதிப்பார் யார் என்று பெருமூச்சு விடுவர். இப்பெருமைக்கு ஆதாரம் உண்டா என்று சற்று ஆராய்வோம்.

துரைமார் தமிழ் படித்தது மெய்தான். தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் தமிழராயிருந்தபடியால் படிக்காமல் தீராது. மலாயாவில் 1919ஆம் ஆண்டில் அமைந்த தோட்டத் துரைமார் சங்கம் இளந்துரைகளுக்குத் தமிழ்ப் பரீட்சையும் நடத்தி வந்தது. ஆனால் துரைமார் கற்ற தமிழ் எத்தகையது? கொழும்பில் அச்சான கைப்புத்தகமொன்றின் பெயர் "இங்கே வா, அல்லது சின்னத் துரையின் சட்டைப்பைத் தமிழ்த் துணை" என்பதாம். 1915இல் வெல்ஸ் என்பார் வெளியிட்ட மற்றொன்றின் பெயர் "கூலித் தமிழ்". தேயிலை, ரப்பர்த் தோட்டங்களின் தொழிலாளர் விளங்கிக்கொள்ளும் தமிழ் என்று அதன் தலைப்பே விளக்கமும் சொல்லிற்று. ஒரு நூலின் பெயரே கட்டளை. மற்றொன்றில் பாஷையின் பெயரே கூலி. இவை இலங்கையில் எழுந்தவை எனினும், பேராக்கின் பிரட்டுக் களத்தில் விடியுமுன் ஒலித்த தமிழும் இதே இனத்ததுதான்.

இதற்குச் சமாதானம் கூறும் பண்டிதரும் உளர். தமிழில் வினைப்பகுதியே ஏவல் ஒருமையாய் நிற்கும். வா, போ, செய், வெட்டு என்பவற்றில் விகுதி இல்லை. ஆகவே புதிதாய்க் கற்போனுக்கு அது எளிது என்பர். மெத்தச் சரி. ஆனால் "வா" என்பதை "வாங்க" என்றாக்க எத்தனை நாட்பாடம் வேண்டும்? ரப்பர்ப் பாலின் கனத்தைப் பொட்டுப் பிசகாமல் அளக்கத் தெரிந்தவருக்கு இந்த ஓர் அசைதானா நாவில் ஏறவில்லை? கற்கும் நோக்கத்தில் அதற்கு இடமில்லை என்பதே உண்மை. கட்டளையிடக் கற்றவனுக்கு மறுமொழி விளங்க வேண்டிய அவசியமில்லை. தொழிலாளி தன் குறையைச் சொல்ல வேண்டுமானால் கங்காணியையும் கிராணியையும் தாண்டித்தான் போக வேண்டும். அதற்குள் அந்தக் குறையில் பாதி உதிர்ந்துபோகும்.

அக்காலத்தில் இதை யாரும் உணரவில்லை என்று எண்ணற்க. 1941இல் சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? துரையைக் கண்டதும் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டுமென்ற வழக்கம் ஒழிய வேண்டுமென்றும் கேட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய நாம் துரையின் தமிழழகைப் பாராட்டிக்கொண்டிருக்கிறோம்!

நிற்க. எஜமான், கூலி என்ற உறவு நமக்கு யாதொன்றும் இல்லாத ஒரு பாஷையை எடுத்துக்கொள்வோம். மத்திய ஆசியாவில் உஸ்பெக் என்றொரு துருக்கிய இன மொழி உண்டு. நம்மைப்போலவே அவர்களும் வினையைக் கடைசியில் வைப்பர். சொல்லின்மேல் விகுதியை அடுக்குவர். (நூலை அவர்கள் "கிதோப்" என்பர்; நம் அண்டைவீட்டு மலாய்க்காரரின் "கித்தாப்" அதற்கு உடன்பிறப்பு.) அதைப் புதிதாய்க் கற்போன் தொடக்கத்திலேயே பயிலும் வாக்கியங்களில் ஒன்று "இஸ்மிங்கிஸ் நிமா?" என்பது. உங்கள் பெயர் என்ன என்று பொருள். "சென்" என்றால் நீ, "சிஸ்" என்றால் நீங்கள்; அறியாதவரிடம் "சிஸ்" என்றே பேச வேண்டும். மேற்படி வாக்கியத்தின் "இங்கிஸ்" என்னும் விகுதியிலேயே அந்த மரியாதை அடங்கியிருக்கிறது. மரியாதைக்கென்று தனிப்பாடம் வேண்டியதாயில்லை.

இனி நம் வீட்டுச் சங்கதிக்கு வருவோம். கித்தா மரங்கள் போய்ப் பல தோட்டங்கள் செம்பனையாயின, சில வீட்டுமனைகளாயின. லயத்து ஜனங்கள் பட்டணம் சேர்ந்தார்கள். நம்மில் சிலர் கடை வைத்தார்கள், சிலர் மண்டோர் ஆனார்கள். இன்று தோட்டத்திலும் உணவுக்கடையிலும் உழைப்போரில் வங்காள தேசத்தார், நேப்பாளியர், இந்தோனேசியர் பலர். அவர்களிடம் நாம் பேசும் மலாய் யாது? "மாரி சினி! அங்காட்! செப்பாட்!" இங்கே வா, தூக்கு, சீக்கிரம்! "இங்கே வா" என்ற அதே புத்தகத்தை நாம் மலாயில் மறுபதிப்புச் செய்திருக்கிறோம். வேலை நடக்க வேண்டாமா என்று கடைக்காரர் கேட்பார். துரை மட்டும் வேறெதைச் சொல்லியிருப்பான்?

நாம் பார்த்தவரையில், கடையில் வேலைபார்க்கும் வங்காள தேசத்துப் பிள்ளைகளிற் பலர் வந்த சில மாதங்களில் கொஞ்சம் தமிழும் கற்றுவிடுகிறார்கள். அவர்கள் முதலில் கற்பது "அண்ணே" என்ற சொல், அடுத்தது "என்ன சாப்பிடுறீங்க?" அந்தப் பிள்ளையின் பெயர் என்னவென்று முதலாளியைக் கேட்டால், "பங்களா" என்கிறார். அது நாட்டின் பெயரன்றோ? வங்காளியில் முன்னிலைக்கு மூன்று படிகள் உண்டு: துய், துமி, ஆப்னி. "ஆப்னார் நாம் கீ?" என்றால் உங்கள் பெயர் என்ன என்பதாகும். மூன்றே சொற்கள், விகுதிக் கஷ்டமும் இல்லை. நம் கடைகளின் கல்லாப்பெட்டிக்கு மேலே முதலாளிமாருக்காக இதை எழுதி ஒட்டலாம். அதன் கீழே "ஆப்னி கேயேசேன்?", அதாவது நீங்கள் சாப்பிட்டீர்களா, என்பதையும் எழுதலாம்.