ஒரு குவளைத் தேநீர் வீண்செலவா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

“டீக்கடையில் காசைக் கரைக்காதே” என்பது நம்மில் பெரும்பாலோர் வீட்டில் கல்லூரிக்குப் புறப்படும்போது கேட்கும் அறிவுரை. கல்லூரிக்குள் நுழைந்தால் அதே அறிவுரை நல்ல தமிழில் கிடைக்கிறது. மாணவன் எளிமையாக வாழ வேண்டும், நாவை அடக்க வேண்டும், சுகத்தை நாடுபவனுக்குக் கல்வி வராது என்று மேடைதோறும் கேட்கிறோம். சொல்பவர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை, அறிவுரையில்தான் ஐயம். சூடான தேநீர், மழைநாளில் ஒரு பொட்டலம் சுண்டல், காய்ச்சல் கண்டவனுக்குக் கஞ்சி, இவற்றைக் கொடுக்கும் கையின் கனிவு ஆகிய சிறு சுகங்கள் வீண்செலவு அல்ல. உழைப்பவனுக்கும் படிப்பவனுக்கும் அவை உரியவை. அவற்றைப் பிறர் மனம் நோகாமல் பகிர்ந்து கொள்வதே பண்பாடு. இதுவே என் கருத்து.

முதலில், இந்த அறிவுரை யாருக்குச் சொல்லப்படுகிறது என்று பார்ப்போம். வசதியுள்ளவர் தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து டபராவில் காப்பியை ஆற்றிக் குடித்தால் அதற்குப் பெயர் பழக்கம். கட்டட வேலை செய்பவர் பதினொரு மணிக்குச் சாரத்தை விட்டு இறங்கி ஒரு டீ குடித்தால் அதற்குப் பெயர் செலவு. இருவர் நாக்கும் ஒன்றுதான். களைப்பு மட்டும் இரண்டாமவருக்கு அதிகம். அப்படியிருக்க, சிக்கனம் ஏன் களைத்தவருக்கே போதிக்கப்படுகிறது?

தேநீர் நம் முன்னோர் அறியாத பானம் என்பது உண்மையே. 1823-இல் அசாமில் தேயிலைச் செடி இருப்பதை இராபர்ட் புரூசு என்ற ஸ்காட்லாந்து வணிகர் அறிந்தார். அதன் பிறகே அங்குத் தோட்டங்கள் பெருகின. நம் நீலகிரியிலும் தேயிலை வேர்விட்டது. நெடுங்காலம் அந்தத் தேயிலை கப்பலேறிச் சீமைக்குப் போயிற்று. 1903-இல் தேயிலைத் தீர்வைச் சட்டம் வந்தது. அந்தத் தீர்வைப் பணத்தைக் கொண்டு பிற்காலத்தில் இந்தியருக்கே தேநீர் குடிக்கக் கற்றுக்கொடுக்கும் விளம்பரங்கள் நடந்தன. 1930-களில் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. முறை வந்தது. குறைந்த தூளில் அதிகச் சாயம் இறங்கியதால் ஏழையின் குவளைக்கும் தேநீர் எட்டியது. வணிகர் இலாபத்துக்காகக் கொண்டு வந்ததைத்தான் நம் உழைப்பாளிகள் தம் ஓய்வாக மாற்றிக் கொண்டார்கள். காந்தியடிகள் உடல்நலம் பற்றி எழுதியபோது தேநீரும் காப்பியும் மனிதனுக்குத் தேவையில்லை என்றே கருதினார். அவர் மீது எனக்குள்ள மதிப்பு குறையாமலே இதில் மாறுபடுகிறேன். உணவாக அது தேவையில்லாமல் இருக்கலாம். ஆனால் பகல் முழுதும் மண் சுமப்பவருக்கு, “இந்த ஐந்து நிமிடம் எனக்குச் சொந்தம்” என்று சொல்லிக் கொள்ள ஒரு காரணம் தேவைப்படுகிறதே! 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம்கூட, தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வின்றி ஒருவரை வேலை வாங்கலாகாது என்றும், 250-க்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள இடத்தில் சிற்றுண்டிச்சாலை அமைக்கச் செய்யலாம் என்றும் வகுத்தது. ஓய்வும் ஒரு வாய்ச் சூடும் சலுகை அல்ல, உரிமை என்று சட்டமே ஒப்புக்கொண்டது.

வேதியியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேரச் சேரச் சோர்வு தோன்றும். தேநீரிலுள்ள கஃபீன் அந்த அடினோசின் சென்று அமர வேண்டிய இடத்தில் தான் அமர்ந்து கொள்கிறது. சோர்வு சற்றே தள்ளிப் போகிறது. பாலிலுள்ள கேசின் என்ற புரதம் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களைப் பற்றிக் கொள்வதால் கடுப்புக் குறைகிறது. டீ மாஸ்டர் கையை உயர்த்தி ஆற்றும்போது பரப்பு விரிந்து, ஆவியாதல் மிகுந்து, வாய் பொறுக்கும் சூடு வருகிறது. ஆய்வுக்கூடத்தில் நாம் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் ஒரு வீச்சில் முடித்து விடுகிறார். ஆனால் சோர்வு போவதற்குக் கஃபீன் மட்டுமா காரணம்? “என்ன தம்பி, பரீட்சை எப்படி?” என்று கேட்டுக்கொண்டே குவளையை நீட்டுகிறாரே, அதற்கு எந்த நூலிலும் மூலக்கூறு வாய்பாடு இல்லை.

டீக்கடை வெறும் கடையும் அன்று. என்னைப் போலக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள் இந்த மலரைப் படிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். நம் தந்தையருக்கு நூலகம் எது? டீக்கடைப் பெஞ்சுதான். 1942-இல் சி.பா. ஆதித்தனார் எளிய தமிழில் ‘தினத்தந்தி’யைத் தொடங்கினார், அத்தகைய ஏடுகள் பெரிய எழுத்துத் தலைப்புகளோடு கடை கடையாக வந்து விழுந்தன. ஒருவர் உரக்கப் படிப்பார்; எழுதப் படிக்கத் தெரியாத நால்வர் கேட்பார்கள். என் தந்தையார் மூன்றாம் வகுப்போடு நின்றவர். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பழக்கம் அவருக்கு விட்டுப் போகாமல் இருந்ததற்கு அந்தப் பெஞ்சே காரணம் என்று அவரே சொல்வார். அங்கே செலவழிந்த காசு கரைந்ததா, விதையானதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இனி நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சுகம் என்றதும் வேறொரு குவளையை நினைப்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் எல்லை எது? எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றே. அருந்தி எழுந்த பின் வேலையையும் வீட்டையும் முன்னிலும் நன்றாக எதிர்கொள்ள முடிந்தால் அது சுகம். அவற்றிலிருந்து நம்மைப் பிரித்து எங்கோ இழுத்துச் சென்றால் அது சுகமன்று, கேடு. அதுபோலவே, கடன் சொல்லி உண்ணும் பலகாரமும், தங்கையின் நோட்டுப் புத்தகக் காசில் குடிக்கும் தேநீரும் இனிக்கா. ஒரு டீ 12 ரூபாய் என்று வைத்தால், கல்லூரி நடக்கும் 20 நாட்களுக்கு 240 ரூபாய் ஆகிறது. நம் வீடுகளில் அது சிறிய தொகை அல்ல. அதனால்தான் அதை மதித்துச் செலவிட வேண்டும் என்கிறேன். செலவிடவே கூடாது என்பது வேறு.

இதைவிட ஆழமான குறை ஒன்றும் உண்டு. இதே டீக்கடைகளில்தான் இரட்டைக் குவளை முறையும் இருந்தது. சிலருக்குக் கண்ணாடிக் குவளை. சிலருக்குத் தனியே வைத்த அலுமினியக் குவளை அல்லது தேங்காய்ச் சிரட்டை. குடித்தவரே கழுவி வைத்துவிட்டுப் போக வேண்டும். பெஞ்சில் அமரக் கூடாது. ஒரே அடுப்பு, ஒரே பால், ஒரே தூள். குவளை மட்டும் வேறு. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டம் 17-ஆம் பிரிவில் தீண்டாமையை ஒழித்தது. 15-ஆம் பிரிவில் கடைகளிலும் உணவகங்களிலும் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கலாகாது என்றது. 1955-இல் அதற்கெனத் தண்டனைச் சட்டமும் வந்தது. இவ்வளவுக்குப் பின்னும் அந்த வழக்கம் பல ஊர்களில் நெடுநாள் உயிரோடிருந்தது. காகிதக் குவளை வந்த பிறகு வேற்றுமை கண்ணுக்குத் தெரிவதில்லை என்பார்கள். கண்ணுக்குத் தெரியாததும் இல்லாததும் ஒன்றா? வயிற்றை நிரப்பிவிட்டு மனத்தைச் சுட்டால் அது உபசாரம் ஆகாது. தேநீரின் சுகம் அதன் சூட்டில் பாதி, அதைக் கொடுக்கும் முறையில் பாதி.

திருவள்ளுவர் அதிகாரங்களை வைத்த வரிசையை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எட்டாவது அன்புடைமை, ஒன்பதாவது விருந்தோம்பல், பத்தாவது இனியவை கூறல், பதினொன்றாவது செய்ந்நன்றி அறிதல். அன்பு பிறந்தால் உணவிடுவோம், உணவிட்டால் இனிய சொல்லோடு இட வேண்டும், பெற்றவன் மறக்கலாகாது. இந்த நான்கில் ஒன்றை உருவினாலும் மற்ற மூன்றும் சரிந்து விடும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பசியாற்றுவதில் தமிழ்நாட்டுக்கு நெடிய மரபு உண்டு. மணிமேகலையின் அமுதசுரபி காப்பியக் கதை. ஆனால் 1867-இல் வள்ளலார் வடலூரில் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு கதையன்று. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் நண்பகல் உணவு தந்தது. 1950-களில் காமராசர் மதிய உணவைப் பள்ளிகளுக்கு விரிவாகக் கொண்டு சென்றார். 1982 சூலை முதல் நாளில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார்; அது பின்னர் பத்தாம் வகுப்பு வரை நீண்டது. 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் வந்தது. நம்மில் பலர் சத்துணவுத் தட்டிலிருந்து எழுந்து வந்தவர்களே. அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை, பெருமைப்படலாம்.

ஆனால் பத்தாம் வகுப்பு முடிந்ததும் பசியும் முடிந்து விடுகிறதா? முதல் பேருந்தைப் பிடிக்க விடியுமுன் எழுந்து, உலை கொதிக்கும் முன்பே வீட்டைவிட்டுக் கிளம்பி, ஒன்பதரை மணி வகுப்பில் வந்து அமரும் மாணவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். “சாப்பிட்டாயா?” என்றால், “ஆயிற்று” என்பார்கள். கேட்டவரும் நம்பியது போல் நடந்து கொள்வார். மாணவியருக்கு 2022-இலும் மாணவருக்கு 2024-இலும் தொடங்கிய மாதம் 1000 ரூபாய் உதவித் திட்டங்கள் பெருந்துணையாக வந்தன. அந்தப் பணத்தை மாணவர்கள் டீக்கும் பஜ்ஜிக்கும் செலவழித்து விடுகிறார்கள் என்று குறை சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். புத்தகத்தைத் திறக்குமுன் வயிறு அடங்க வேண்டாமா? பசித்த மாணவனுக்கு அந்த பஜ்ஜியும் கல்விச் செலவுதான்.

அரசு வந்து எல்லாம் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நம் கையளவில் செய்யக் கூடியவை சில உண்டு. வசதியுள்ளவர்கள் சிற்றுண்டிச்சாலையில் இரண்டு தேநீருக்குக் காசு கொடுத்து ஒன்றை அருந்தி, மற்றொன்றின் டோக்கனை ஒரு பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம். தேவைப்படுபவர் அதை எடுத்து நீட்டட்டும். போட்டவர் யார், எடுத்தவர் யார் என்று எவரும் அறிய வேண்டாம். பட்டியலும் வேண்டாம், படமும் வேண்டாம். சாப்பாட்டு டப்பாவில் இரண்டு இட்லி கூடக் கொண்டுவரும் நண்பர்கள், “உனக்காக” என்று சொல்லாமல், “எனக்கு அதிகம், உதவி செய்” என்று சொல்லிப் பகிரலாம். கொடுப்பவன் கேட்பவனைப் போல் நின்றால் வாங்குபவன் தலை குனிவதில்லை. கோடையில் துறைக்கொரு மண்பானைத் தண்ணீரும், முடிந்தால் உப்பும் கறிவேப்பிலையும் போட்ட நீர்மோரும் வைப்பது பெரிய காரியமன்று.

பேராசிரியப் பெருமக்களிடம் பணிவோடு ஒரு வேண்டுகோள். வகுப்பில் தலை சாயும் மாணவனைப் பார்த்தால், “தூங்கவா வந்தாய்?” என்று கேட்பதற்கு முன்னால் தனியே அழைத்து, “காலையில் என்ன சாப்பிட்டாய்?” என்று ஒரு முறை கேளுங்கள். பதிலில் உங்கள் பாடத்துக்கும் சேர்த்து விளக்கம் கிடைக்கலாம்.

நாளை நம்மில் சிலர் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் ஆவோம். நம் மேசைக்கு முன்னால் நம் தந்தையரைப் போன்றவர்கள் கையில் மனுவோடு வந்து நிற்பார்கள். அவர்களை உட்காரச் சொல்லி, நாம் குடிக்கும் அதே குவளையில் ஒரு தேநீர் வரவழைக்கும் மனம் நமக்கு இருக்குமா? இன்று பழகாதது அன்று வராது. பசித்தவரை அறிந்து “சாப்பிட்டீர்களா?” என்று கேட்கப் பட்டம் தேவையில்லை. பட்டம் பெற்ற பின்னும் அந்தக் கேள்வியை மறவாதிருப்பதே நாம் பெற்ற கல்விக்கு அழகு.