பிறப்பும் வியத்தமும்

"இரத்தத்தில் ஊறியது" என்று முன்னர் சொன்னவர்கள் இன்று "பரம்பரையலகில் எழுதப்பட்டது" என்கிறார்கள். சொல் மாறியது, கூற்று மாறவில்லை. பருத்தித்துறைத் திண்ணைகளில் மட்டுமன்றிப் பல்கலைக்கழகச் சிற்றுண்டிச்சாலையிலும் சாதிக்கு விஞ்ஞானச் சட்டை அணிவிக்கும் இப்பேச்சு கேட்கிறது. விஞ்ஞானத்தின் பெயரால் பேசுவோரை விஞ்ஞானத்தின் முன்னிலையிலேயே நிறுத்துவோம்.

கெனத் றேப்பர் 1935 இல் விவரித்த டிக்டியோஸ்டீலியம் டிஸ்கொய்டியம் என்னும் சளிப் பூஞ்சணத்தை நோக்குக. பற்றீரியாவை உண்டு வளரும்வரை அதன் கலங்கள் தனித்தனி அமீபாக்களே. உணவு தீர்ந்ததும் ஏறத்தாழ ஓரிலட்சம் கலங்கள் ஒன்றுகூடி, ஒரு நாளுக்குள் காம்பாகவும் அதன் உச்சியில் வித்திகளாகவும் வியத்தமடைகின்றன. ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு காம்பாகி மடிகிறது. எஞ்சியவற்றிற் பெரும்பாலானவை வித்திகளாகிப் பிழைக்கின்றன.

ஒரே அமீபாவின் வழிவந்த, ஒரே டீ.என்.ஏ. கொண்ட கலங்களிடையேயும் இப்பிரிவு நிகழ்கிறது. அப்படியாயின் மாறுவது எது? ஆர்.என்.ஏ.யே. பட்டினி தொடங்கியதும் வளர்ச்சிக்காலத் தூது ஆர்.என்.ஏ.க்கள் பல குறைகின்றன. பழைய றைபோசோம் ஆர்.என்.ஏ. சிதையப் புதியது தொகுக்கப்படுகிறது. காம்புக்கும் வித்திக்கும் வெவ்வேறு தூதுகள் எழுகின்றன. கூடிய கலங்களைப் பிரித்துவிட்டால் அப்புதிய தூதுகளிற் பல விரைவில் அழிந்துவிடுகின்றன. நூல் ஒன்றே, எந்தப் பக்கம் வாசிக்கப்படும் என்பதிற் சூழலுக்குப் பெரும்பங்குண்டு.

குளுக்கோசு ஊட்டி வளர்த்த கலங்களையும் ஊட்டாது வளர்த்தவற்றையும் ஒன்றாய்க் கலந்தபோது, முன்னவை வித்தியாகவும் பின்னவை காம்பாகவும் பெரிதும் சாய்ந்தன என்பது 1973 இல் வெளியான ஆய்வின் முடிவு. ஆனால் ஊட்டாதவற்றைத் தனியே விட்டால் அவையும் வித்தி தருகின்றன! கீழே நின்று தாங்குவது அவற்றின் பிறவிக் குணமன்று. நிறைய உண்டவற்றின் அருகில் நேர்ந்த நிலை.

சளிப் பூஞ்சணம் நமக்கு நீதிநூலன்று. காம்பின் மடிவைத் தியாகமெனப் போற்றி, "சிலர் தாங்கவே பிறந்தவர்" என்று சமூகத்துக்குப் பாடம் சொல்வோரும் தவறுகின்றனர். அமீபா தன் பங்கீட்டை ஆராய்ந்து திருத்த மாட்டாது, மனிதன் திருத்துவான். பருத்தித்துறைக்கு அண்மையில், கல்வி மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகச் சூரன் தோற்றுவித்த தேவரையாளிப் பாடசாலை அதற்குச் சான்று. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இல் நிறைவேறியது. அதன்பின்னரும் 1968 இல் மாவிட்டபுரக் கோயில் வாயிலிற் போராட வேண்டியிருந்தது. அவ்வாயிலை அடைத்து நின்றது எந்தப் பரம்பரையலகு?