எழுபது பிள்ளைகளின் பெறுபேற்றைக் கொடுங்கள்

பரீட்சை ஆணையாளர் நாயகம் அவர்களுக்கு,
பரீட்சைத் திணைக்களம், பெலவத்தை, பத்தரமுல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

2023ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் 2024 மே 31ஆம் திகதி நாடு முழுவதற்கும் வெளியாகின. திருகோணமலை ஸாஹிராக் கல்லூரி மாணவிகள் 70 பேருக்கு மட்டும் வெளியாகவில்லை. நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். பரீட்சை மண்டபத்தில் அவர்கள் காதை மூடியிருந்தார்கள், உள்ளே கேட்கும் கருவி இருந்திருக்கலாம் என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. பெற்றோர் கேட்டாயிற்று, மக்கள் பிரதிநிதிகளும் கேட்டாயிற்று. கந்தோர்களுக்குள் நின்று கேட்டதற்குப் பலன் வராதபடியால் இதை எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

அந்த எழுபது பேரில் என் பிள்ளை இல்லை. நான் முஸ்லிமும் இல்லை. என் மகள் இதே ஊரில் வேறொரு பாடசாலையில் இருந்து இதே பரீட்சையை எழுதினாள். அவளுக்குப் பெறுபேறு வந்துவிட்டது. எழுதாமல் இருக்க முடியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

பரீட்சை விதிகளையும் அரசியலமைப்பின் 10ஆம், 12ஆம் உறுப்புரைகளையும் தங்களுக்கு நான் எடுத்துச் சொல்லப் போவதில்லை. தாங்கள் அறியாதவை அல்ல. பெறுபேறு வெளியான அன்று எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். திணைக்கள இணையத்தளம் திறக்க நேரமெடுத்தது. மகள் சுட்டெண்ணை நாலைந்து தரம் அடித்தபிறகு திரையில் வந்தது. பாடங்கள், சித்திகள், இஸட் புள்ளி, மாவட்ட நிலை, தீவளாவிய நிலை. வீடு ஒரே சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவளுக்கு ஒரு அழைப்பு. இரண்டு வருடமாக ரியூசனில் அவளுக்குப் பக்கத்து வாங்கில் இருந்த பிள்ளை. "என்ட போன் பழசு, ஏதோ பிழை காட்டுது. உன்ட போன்ல என்ட நம்பரை ஒருக்கா போட்டுப் பாரு." மகள் போட்டாள். பெறுபேறு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்றுதான் வந்தது. திரும்பவும் போட்டாள். அதே பதில். அந்தப் பிள்ளை தொடர்பைத் துண்டிக்காமல் காத்திருக்கிறாள். என் மகள் என்னைப் பார்க்கிறாள், அவளுக்கு என்ன சொல்வதென்று. நான் என்ன சொல்லட்டும்? போனில் பிழையில்லை மகள், உன்னில்தான் பிழையாம் என்று சொல்லவா? என்ன பிழை என்று அவள் கேட்டால்?

ஐயா, பரீட்சை 2024 ஜனவரி 4ஆம் திகதி தொடங்கி 31ஆம் திகதி முடிந்தது. அந்த நாட்களில் இந்தப் பிள்ளைகள் ஒளித்து மறைத்து மண்டபத்துக்குள் போனவர்கள் அல்லர். ஒவ்வொரு வினாத்தாளுக்கும் அடையாள அட்டையைக் காட்டினார்கள், கையொப்பம் வைத்தார்கள். நோக்குநர்கள் மேசை மேசையாக நடந்தார்கள். மேற்பார்வையாளர் முன்னால் இருந்தார். எழுதி முடித்த விடைத்தாள்களை எண்ணி, கட்டி, முத்திரையிட்டு அனுப்பினார்கள். வழமையாக அணியும் பர்தா இல்லாமல், உள்ளிருப்பது வெளியே தெரிகிற மெல்லிய வெள்ளைச் சாலைத் தலையிலும் தோளிலும் தளர்வாகப் போட்டுக்கொண்டுதான் எழுதினோம், காது தெரிந்தது என்று மாணவிகள் சொல்கிறார்கள். தெரியவில்லை என்று தங்கள் உத்தியோகத்தர்கள் சொல்கிறார்கள் போலும். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். தெரியவில்லை என்றால் அந்த இடத்திலேயே செய்வதற்கு ஒன்று இருந்தது. பெண் நோக்குநர் ஒருவர் பிள்ளையை ஓரமாகக் கூப்பிட்டு, "சாலைக் கொஞ்சம் ஒதுக்கு மகள்" என்று சொல்லி இரண்டு காதையும் பார்த்திருக்கலாம். அரை நிமிட வேலை. கருவி இருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். இல்லையென்றால் பிள்ளை போய் இருந்து எழுதியிருப்பாள். அந்த அரை நிமிடத்தைச் செலவழிக்காதவர்கள், இப்போது எழுபது பிள்ளைகளின் ஒரு வருடத்தைச் செலவழிக்கிறார்கள்.

இன்றுவரை ஒரு பிள்ளையின் காதில் இருந்து ஒரு கருவியை எடுத்ததாக எவரும் சொல்லவில்லை. சந்தேகம் என்ற ஒன்றைத்தான் சொல்கிறார்கள். தம்பலகாமத்து வயலில் உழும்போதும் விதைக்கும்போதும் வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நெல் மூட்டையாகி வீட்டுக்கு வந்தபின் வரம்பு கோணல் என்று மூட்டையைப் பிடித்து வைத்தால் எந்தக் கமக்காரன் பொறுப்பான்?

இதே பரீட்சையில் உண்மையான மோசடி ஒன்று நடந்தது. விவசாய விஞ்ஞான வினாத்தாள் ஜனவரி 10ஆம் திகதி சமூக ஊடகங்களில் வெளியாகிவிட்டது. அது எந்தப் பிள்ளையின் சாலுக்குள் இருந்தும் வெளியே போகவில்லை. சந்தேகத்தின் பேரில் ஆசிரியர் ஒருவர் கைதானார். தங்கள் திணைக்களம் அந்த வினாத்தாளை இரத்துச் செய்து, பெப்ரவரி 1ஆம் திகதி மீண்டும் பரீட்சை வைத்தது. யார் கசியவிட்டது என்று தேடினீர்கள். விவசாய விஞ்ஞானம் எழுதிய பிள்ளைகள் அத்தனை பேரையும் சந்தேகித்து அவர்களின் பெறுபேற்றை நிறுத்தி வைக்கவில்லை. அது நியாயம். பிழை எங்கே என்று தேடுவதும், பிழை செய்யாதவர்களுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுப்பதும் உங்களுக்குத் தெரிந்திருந்தது. ஜனவரியில் தெரிந்த அந்த நியாயம் திருகோணமலைப் பிள்ளைகள் விடயத்தில் எங்கே போனது?

எழுபது என்ற அந்த எண்ணைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. ஒருத்தி செய்தாள், இருவர் செய்தார்கள் என்றால் விசாரணை என்று சொல்லலாம். எழுபது பேரையும் ஒரே கயிற்றில் கட்டினால் அது விசாரணை இல்லை. தனித்தனியாகப் படித்தார்கள், தனித்தனியாக எழுதினார்கள், ஆளுக்கொரு சுட்டெண் கொடுத்தது நீங்கள்தான். தண்டிக்கும்போது மட்டும் எல்லோரும் ஒருவராகிவிட்டார்கள். அவர்களை ஒன்றாக்கியது தலையில் கிடந்த ஒரு முழத் துணி.

இந்தப் பிள்ளைகள் எப்படிப்பட்ட காலத்தைத் தாண்டி அந்த மண்டபத்துக்கு வந்தார்கள் என்பது கொழும்பில் இருக்கிற உங்களுக்கும் தெரிந்ததுதான். முதல் தடவை எழுதியவர்கள் சாதாரண தரம் எழுதியது 2021 மார்ச்சில். பெறுபேறு வரும்போது செப்டெம்பர். கொரோனாவில் பாடசாலை பூட்டு. தரம் 12 பாடத்தைப் பாதிப் பேர் போனில்தான் படித்தார்கள், போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அடுத்த வீட்டு வாசலில் இருந்து படித்தார்கள். 2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. பெற்றோல் இல்லை, பஸ் இல்லை, பாடசாலை மீண்டும் பூட்டு. அந்த வருடம் என் மகள் மெழுகுதிரி வெளிச்சத்தில் படித்தபோது, இவர்களும் அதே மெழுகுதிரியை அதே விலைக்கு வாங்கித்தான் படித்தார்கள். இந்த மாவட்டத்தில் பாடசாலைக்குப் போவதென்பதே சில பிள்ளைகளுக்கு உயிரோடு விளையாட்டு. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலையில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் இல்லாமல் மிதவையில் ஏறிப்போன பிள்ளைகள் தண்ணீரில் மூழ்கிப் போனார்கள். புத்தகப் பையோடு போனவர்களைப் பாயில் சுற்றிக் கொண்டுவந்த மாவட்டம் இது. இங்கே ஒரு பெண்பிள்ளை உயர்தரம் வரை வந்து எழுதி முடிப்பதன் பெறுமதியை நாங்கள் அறிவோம்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் கஷ்டமானது.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் தீவளாவிய தகுதிக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று. அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு இஸட் புள்ளியைப் போலவே மாவட்ட நிலையும் முக்கியம். வெட்டுப்புள்ளிக்கு மேலே கீழே ஓரிரு இடம் என்றால், அதுதான் கம்பஸா வீடா என்று தீர்மானிக்கும். என் மகளின் திரையில் ஒரு மாவட்ட நிலையைக் காட்டினீர்கள். அந்த எண்ணை எப்படி எண்ணினீர்கள்? எழுபது பேரையும் சேர்த்தா, விட்டுவிட்டா? பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கான காலம் முடியும்வரை அவர்களின் பெறுபேற்றைப் பிடித்து வைத்தால், அவர்கள் இருக்கவேண்டிய இடங்களில் வேறு பிள்ளைகள் போய் இருப்பார்கள். அதில் ஒன்று என் மகளாகவும் இருக்கலாம். பக்கத்து வாங்கில் இருந்தவளைத் தள்ளிவிட்டு அவளுடைய இடத்தை என் பிள்ளைக்குக் கொடுத்தால் நான் வாங்கிக்கொள்வேன் என்றா நினைக்கிறீர்கள்? மூவினமும் அடுத்தடுத்த ஒழுங்கைகளில் வாழ்கிற ஊரில், ஒரு தாயை இன்னொரு தாயின் முகத்தில் விழிக்க முடியாமல் ஆக்குகிற வேலை இது. எங்களுக்கு வேண்டாம்.

எங்கள் ஆட்களிலேயே சிலர் என்னிடம், இது அவர்களுடைய பிரச்சினை, நீங்கள் ஏன் தலையிடுகிறீர்கள் என்று கேட்டார்கள். 2018இல் ஆசிரியைகளின் ஹபாயா பற்றி இந்த ஊரில் எழுந்த சச்சரவை நினைவுபடுத்தினார்கள். அது வேறு, இது வேறு. அந்த விடயத்தில் என்ன அபிப்பிராயம் வைத்திருப்பவரும் இதில் ஒரே பக்கம்தான் நிற்க முடியும். பரீட்சை எழுதியவளுக்குப் பெறுபேறு உண்டு, அவ்வளவுதான். இன்று சாலைக் காட்டி நிறுத்தினால் நாளை வேறு பிள்ளைக்கு வேறொன்றைக் காட்டி நிறுத்தலாம் என்பது இங்கே முப்பது வருட யுத்தத்தைக் கண்ட எந்தத் தமிழருக்கும் விளங்கும்.

திருகோணமலைப் பெற்றோர் கூடினால் பேசுவது பாடசாலையைப் பற்றித்தான். முதலாம் தரத்துக்கு எங்கே சேர்ப்பது, புலமைப்பரிசிலுக்குப் பிறகு எங்கே மாற்றுவது, எந்தப் பாடசாலையில் இருந்து எத்தனை பேர் மருத்துவம் போனார்கள், எங்கே புதுக் கட்டடம் வருகிறது, எங்கே விளையாட்டு மைதானத்துக்குக் காணி கிடைத்தது. சலிப்பூட்டும் பேச்சென்று சிலர் சொல்வார்கள். ஒரு சமூகம் தன் பிள்ளைகளை நம்பி நிற்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். இந்த வாரம் அந்தப் பேச்சு மாறிவிட்டது. மகளை இந்தப் பாடசாலைக்கு விட்டால் பெறுபேறு வருமா என்று ஒரு தகப்பன் சந்தை வாசலில் நின்று கேட்கிறார். பிள்ளை எப்படிப் படிக்கும் என்ற கவலை போய், படித்ததைக் கொடுப்பார்களா என்ற கவலை வந்திருக்கிறது. இதில் போனது உங்கள் திணைக்களத்தின் மீது இருந்த நம்பிக்கை. வேறு எந்த அரச அலுவலகத்தை நம்பாதவர்களும், பரீட்சையில் எழுதினால் எழுதியதற்குப் புள்ளி கிடைக்கும் என்று நம்பினோம். யுத்த காலத்திலும் நம்பினோம். ஷெல் சத்தத்துக்கு நடுவில் எழுதிய விடைத்தாளையும் நேர்மையாகத் திருத்துவார்கள் என்று நம்பித்தான் பிள்ளைகளை அனுப்பினோம்.

ஜனவரி 31க்கும் மே 31க்கும் இடையில் நான்கு மாதங்கள் இருந்தன. மேற்பார்வையாளர் ஏதாவது எழுதி அனுப்பியிருந்தால் அதை அந்த நான்கு மாதத்தில் விசாரித்து முடித்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் விசாரித்து முடிக்காதது பிள்ளைகளின் குற்றமா? உங்கள் வேலை முடியாமல் கிடந்ததற்கு அவர்கள் ஏன் காத்திருக்க வேண்டும்? பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். அடுத்த தவணைக்கு மீண்டும் இருப்பதா, கம்பஸுக்கு விண்ணப்பிப்பதா, வேறு படிப்பைப் பார்ப்பதா என்று ஒன்றையும் முடிவெடுக்க முடியாமல், கொப்பிகளைக் கட்டுவதா திறப்பதா என்று தெரியாமல் வீட்டுக்குள் இருக்கிறார்கள். உறவினர்கள் போன் எடுத்து என்ன ரிசல்ட் என்று கேட்கும்போது, கள்ளம் செய்தவர்களைப் போல ஒதுங்கிப் போகிறார்கள். செய்யாத ஒன்றுக்காக. அந்த வெட்கத்தை அவர்களுக்குக் கொடுத்தது நீங்கள். உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் பரீட்சை எழுதியிருப்பார்கள். பெறுபேறு வரும் இரவில் அந்தப் பிள்ளையின் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். பிறகு அதை எழுபதால் பெருக்குங்கள்.

குற்றம் செய்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்றால் எழுத்தில் சொல்லுங்கள். எந்த நாள், எந்தப் பாடம், எந்தச் சுட்டெண், என்ன கருவி. அவளும் அவளுடைய பெற்றோரும் பதில் சொல்ல ஒரு நாள் கொடுங்கள். அப்படிச் சொல்ல உங்களிடம் ஒன்றும் இல்லையென்றால் எழுபது பேரின் பெறுபேற்றையும் இன்றே வெளியிடுங்கள். மீள்பரிசீலனைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்க மற்றப் பிள்ளைகளுக்கு எத்தனை நாள் கொடுத்தீர்களோ அத்தனை நாளை இவர்களுக்கும் கொடுங்கள். அந்தத் திகதிகள் தாண்டியபிறகு வெளியிட்டுவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று சொல்ல வேண்டாம். எங்கள் பிள்ளைகளின் மாவட்ட நிலையையும் எழுபது பேரைச் சேர்த்துத் திரும்ப எண்ணுங்கள். என் மகள் சில இடம் கீழே இறங்கினால் இறங்கட்டும்.

உயர்தர மாணவி ஒருத்தியின் தாய்,
திருகோணமலை.
2024 ஜூன்