டிரானாவா, டிரானெயா?



இந்த இதழில் அல்பேனியப் பயணக் கட்டுரை ஒன்று வருகிறது. மெய்ப்புப் பார்த்த நண்பர் தாளும் கையுமாக வந்து நின்றார். "தலைநகரின் பெயர் ஓரிடத்தில் டிரானா, இன்னோரிடத்தில் டிரானெ. எதை சார் வைத்துக்கொள்வது?" நானும் எழுத்துப்பிழை என்றே நினைத்தேன். எழுதியவரைக் கேட்டால், அங்கே காதில் விழுந்தபடி எழுதினேன், இரண்டுமே சரி என்கிறார்.

சரிதான். பள்ளியில் 'ஆர்ட்டிகிள்' என்று படித்தோமே, அந்த 'தி', அல்பேனிய மொழியில் பெயருக்கு முன்னால் தனியாக நிற்பதில்லை, வாலில் ஒட்டிக்கொள்கிறது. ருமேனிய, பல்கேரிய மொழிகளிலும் அப்படியே. அல்பேனியத்தில் ஊர்ப்பெயரும் இதற்குத் தப்பாது. 'டிரானா பெரிய நகரம்' என்றால் வால் உண்டு. 'டிரானாவில் இருக்கிறேன்' என்றால் வால் போய் டிரானெ ஆகிவிடும். அந்தக் கடைசி உயிர் நம் குற்றியலுகரம்போலத் தேய்ந்து ஒலிக்கும். 'டிரானாவிலிருந்து வந்தேன்' என்றாலோ வால் திரும்பிவிடுகிறது. 'அழகான டிரானாவில்' என்று அடைமொழி சேர்த்தாலும் வால் வேண்டும். நம் நாட்டுக்கும் இதே கதிதான். எழுவாயாக வந்தால் இந்தியா. 'இந்தியாவில்' என்று சொல்ல வந்தால் மிஞ்சுவது 'இந்தி'! பதற வேண்டாம், அது நாட்டின் பெயர்தான்.

உலக வரைபடத்தில் இன்னொரு வேடிக்கை. டிரானா வாலோடு இருக்கிறது. அதன் பக்கத்துத் துறைமுகமான டுரஸ் வாலில்லாமல் இருக்கிறது. வால் வைத்தால் அது டுரஸி.

ஆங்கிலத்தில் வாக்கியம் எப்படி மாறினாலும் கவலை இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வழக்கம், அதை மனப்பாடம் செய்தாக வேண்டும். தேம்ஸ் நதிக்கு 'தி' உண்டு, விக்டோரியா ஏரிக்கு இல்லை. இமயமலைக்கு உண்டு, எவரெஸ்டுக்கு இல்லை. நெதர்லாந்துக்கும் அங்குள்ள ஹேக் நகருக்கும் உண்டு, ஆம்ஸ்டர்டாமுக்குக் கிடையாது. நம் நீலகிரி மாவட்டம்கூட ஆங்கிலத்தில் 'தி நீல்கிரிஸ்'தான். உக்ரைனுக்கு முன்பு 'தி' போட்டார்கள். 1991இல் தனி நாடான பின், ஒரு வட்டாரத்தைச் சொல்வதுபோல் இருக்கிறதென்று அந்நாட்டார் முகம் சுளித்ததால் விட்டுவிட்டார்கள். காம்பியாவோ 'தி'யைத் தன் அதிகாரபூர்வப் பெயரிலேயே வைத்திருக்கிறது.

இரண்டில் எனக்கு அல்பேனியமே நியாயமாகப் படுகிறது. விழுப்புரம் 'விழுப்புரத்தில்' ஆகும்போது மகரம் எங்கே போயிற்று என்று நம் மெய்ப்பு நண்பர் ஒருநாளும் கேட்டதில்லையே!

கட்டுரையில் எல்லா இடத்திலும் 'டிரானா' என்றே போட்டிருக்கிறோம். தமிழில் 'இல்', 'இலிருந்து' எல்லாம் அதன்மேல் சிக்கலின்றி உட்கார்கின்றன. எங்காவது ஒரு 'டிரானெ' கண்ணுக்குத் தப்பியிருந்தால், கடிதம் எழுதுங்கள். ஆனால் பிழை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்